வசனத்திலிருந்து பிரசங்கம்: சார்ல்ஸ் சிமியோன் காட்டிய வழி

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரின் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1782-இல் சார்ல்ஸ் சிமியோன் குருவாக வந்தபோது அவருக்கு 23 வயது. சபையார் கேட்டது அவரை அல்ல, அங்கே ஏற்கெனவே உதவிக் குருவாக இருந்தவரை. அக்காலத்தில் ஆலய இருக்கைகள் கதவு வைத்த அடைப்புகளாக இருந்தன; கோபத்தில் தங்கள் இருக்கைகளின் கதவுகளைப் பூட்டிவிட்டு வராமல் இருந்துவிட்டார்கள். கேட்க வந்தவர்கள் நடைபாதையில் நின்றார்கள். சிமியோன் சொந்தச் செலவில் பெஞ்சுகள் போட்டார். கோவில் பொறுப்பாளர்கள் அவற்றை வெளியே தூக்கி எறிந்தார்கள். அதே பீடத்தில் அவர் 54 ஆண்டுகள், 1836-இல் மரிக்கும்வரை, நின்றார். அவருடைய பிரசங்கச் சுருக்கங்கள் 2,536, அச்சில் 21 தொகுதிகளாக வந்தன.

அவர் பிடித்துக்கொண்ட விதி ஒன்றுதான்: வசனத்தில் இருப்பதை வெளியே கொண்டுவர வேண்டும், இருக்கலாம் என்று நாம் நினைப்பதை உள்ளே திணிக்கக் கூடாது. இந்த விதியை வைத்து ஒரு ஞாயிறு பிரசங்கத்தை ஆயத்தம் செய்வது எப்படி என்பதை லூக்கா 19:1-10, சகேயுவின் பகுதியைக் கொண்டு பார்ப்போம்: இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின, குள்ளனான ஆயக்காரத் தலைவன் (வரி வசூலிப்பவர்களின் தலைவன்) அவன். எல்லாருக்கும் தெரிந்த பகுதி என்பதால்தான் இதில் தவறுவது சுலபம்.

திங்கட்கிழமை வேலை வாசிப்பது மட்டும். அல்மனாக்கில் (சபையின் ஆண்டு நாட்காட்டியில்) அந்த ஞாயிறுக்கு ஒரு தலைப்பு போட்டிருக்கும். அதைப் பார்த்தவுடன் பிரசங்கம் மனதில் உருவாகிவிடுகிறது, பிறகு வசனம் அதற்குச் சாட்சி சொல்ல மட்டும் கூப்பிடப்படுகிறது. ஆகையால் தலைப்பை மூடிவைத்துவிட்டு, பகுதியைச் சத்தமாக ஐந்து முறை வாசியுங்கள். பிறகு முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். 18-ஆம் அதிகாரத்தில் ஒரு ஐசுவரியவான் துக்கத்தோடே போகிறான். ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பது அரிது என்று ஆண்டவர் சொல்ல, அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்ற கேள்வி எழுகிறது. மனுஷரால் கூடாதது தேவனால் கூடும் என்பது அவர் பதில். சில வசனங்கள் தாண்டினால் சகேயு வருகிறான். லூக்கா அவனைப்பற்றித் தரும் விவரங்களில் ஒன்று, அவன் ஐசுவரியவான். அந்தக் கேள்விக்கு ஆள் உருவில் வந்த பதில் இவன். பத்து வசனங்களை மட்டும் வாசித்தவருக்கு இது அகப்படாது.

செவ்வாயன்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். பகுதி எவ்வளவு நீளமானாலும் அதை ஒரே கூற்றாகச் சுருக்க வேண்டும் என்பதில் சிமியோன் கண்டிப்பானவர். பிரசங்கத்தின் மற்ற எல்லாமே அந்தக் கூற்றிலிருந்து கிளைக்க வேண்டும். “தேவன் நம்மை நேசிக்கிறார்” என்று எழுதினால் அது உண்மை, ஆனால் எந்தப் பகுதிக்கும் பொருந்தும். ஆகவே இந்தப் பகுதிக்குப் பயன்படாது. வாக்கியத்தை வேறொரு வசனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் அப்படியே ஒட்டிக்கொண்டால் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

இங்கே துப்பு ஒரு சொல்லில் இருக்கிறது. 3-ஆம் வசனத்தில் சகேயு இயேசுவைப் பார்க்க “வகைதேடினான்”. 10-ஆம் வசனத்தில் மனுஷகுமாரன் இழந்துபோனதைத் “தேடவும்” இரட்சிக்கவும் வந்தார். கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். அப்படியானால் வாக்கியம் இது: சகேயு இயேசுவைத் தேடினான், அதற்கு முன்பே இயேசு சகேயுவைத் தேடி வந்திருந்தார்.

புதனன்று பிரிவுகள். கோழியை மூட்டு பார்த்து வெட்டுகிற மாதிரி, வசனம் தானாக மடங்கும் இடத்தில்தான் பிரிக்க வேண்டும். நம் பீடங்களில் எதுகை மோனைக்கு இருக்கிற மரியாதை பெரிது: “தேடினான், ஓடினான், ஏறினான், இறங்கினான்.” காதுக்கு இனிமைதான். ஆனால் நான்கிலும் எழுவாய் சகேயு. ஆண்டவர் மரத்தடியில் நின்றுகொண்டே இருக்கிறார்! ஜனங்கள் வீட்டுக்குப் போகும்போது “நாமும் மரம் ஏற வேண்டும்” என்ற நினைவோடுதான் போவார்கள். பகுதி தானாகத் தரும் பிரிவுகள் மூன்று: கூட்டத்தால் ஒதுக்கப்பட்டவனைப் பெயர்சொல்லிக் கூப்பிடுகிறார் (1-5), முறுமுறுப்பின் நடுவே அவன் வீட்டில் தங்குகிறார் (6-7), தங்கின வீட்டில் மாற்றம் தெரிகிறது (8-10).

வியாழனன்று சிமியோனின் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பிரசங்கம் பாவியைத் தாழ்த்துகிறதா? இரட்சகரை உயர்த்துகிறதா? பரிசுத்தத்துக்கு ஏவுகிறதா? முதலாவதற்கு 7-ஆம் வசனம் உதவும். முறுமுறுத்தவர்கள் “யாவரும்” என்று எழுதியிருக்கிறது. ஆலயத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மரத்தைவிட அந்தக் கூட்டம்தான் பக்கம். மூன்றாவதற்கு 8-ஆம் வசனம், இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். குற்றத்தை அறிக்கையிட்டுத் திரும்பக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது எண்ணாகமம் 5:7. அதாவது நூறு வாங்கினவன் நூற்றிருபது கொடுப்பான். ஆட்டைத் திருடி விற்றவனுக்கு யாத்திராகமம் 22:1 நாலு மடங்கு விதிக்கிறது. சகேயு “நாலத்தனையாக” என்கிறான். திருடனுக்குரிய கணக்கைத் தனக்குத்தானே போட்டுக்கொள்கிறான்! மனந்திரும்புதல் எப்படி இருக்கும் என்று சபைக்குக் காட்ட இதைவிடத் தெளிவான படம் வேண்டாம்.

ஆனால் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். சகேயு கொடுத்தான், அதனால் இரட்சிப்பு வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். “இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்பது 5-ஆம் வசனம். கொடுக்கிறேன் என்பது 8-ஆம் வசனம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் காணிக்கைப் பிரசங்கம் ஆகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. உங்கள் இறையியல் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்பதற்காக வசனத்தை மழுங்கடிக்காதீர்கள். முன்குறித்தலையும் (இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்னமே தெரிந்துகொண்டார் என்பதையும்) மனுஷனுடைய பொறுப்பையும்பற்றிச் சண்டை நடந்த காலத்தில் சிமியோன், சத்தியம் நடுவிலும் இல்லை, ஒரு முனையிலும் இல்லை, இரண்டு முனைகளிலும் இருக்கிறது என்றார். இந்த ஞாயிறு வசனம் கிருபையை அழுத்தினால் கிருபையை அழுத்துங்கள். அடுத்த ஞாயிறு வசனம் கீழ்ப்படிதலைக் கேட்டால் அதையும் கூசாமல் கேளுங்கள்.

வெள்ளியன்று எழுதுங்கள். புதியவர்கள் முழுவதும் எழுதுவது நல்லது. பழகினவர்களுக்கு ஒரு பக்கச் சுருக்கம் போதும். முன்னுரை ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். சனிக்கிழமை எழுந்து நின்று, செல்போனில் நேரம் வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 25 நிமிடத்தைத் தாண்டினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். உதாரணக் கதை ஒன்றை எடுத்துவிடுங்கள். வசன விளக்கத்தில் கைவைக்க வேண்டாம்.

எழுதி முடித்த தாளில் இன்னொன்றையும் தேடுங்கள்: யாரையாவது குத்துகிற வரி. பூட்டிய இருக்கைகளைப் பார்த்துக்கொண்டு பேசிய சிமியோனைத் தாங்கியது 2 தீமோத்தேயு 2:24: “கர்த்தருடைய ஊழியக்காரன் சண்டைபண்ணுகிறவனாயிராமல்.” கமிட்டியில் எதிர்த்தவருக்கு பீடத்திலிருந்து பதில் சொல்லும் ஆசை வரும். அந்த ஆளுக்கும் அது புரியும், சபை முழுவதற்கும் புரியும், அன்று வசனம் ஒருவர் காதிலும் ஏறாது.

ஞாயிறன்று ஆராதனை முறைமையை அவசரமாக ஓட்டிவிட்டுப் பிரசங்கத்துக்குத் தாவாதீர்கள். சிமியோன் ஆங்கிலிக்கன் சபையின் ஆராதனை முறைமைகள் அடங்கிய ஜெபப் புத்தகத்தை மிகவும் நேசித்தவர். அதிலுள்ள ஜெபங்களை வாசித்துவிட்டுப் போகாமல் ஜெபிக்கச் சொன்னார். பாவ அறிக்கையை நிதானமாக, மெய்யாகவே ஜெபித்து நடத்தினால், பாவியைத் தாழ்த்துகிறதா என்ற முதல் கேள்வியின் வேலை அங்கேயே தொடங்கிவிடும்.

பிரசங்கம் ஆசீர்வாதத்தோடு முடிகிற காரியம் அல்ல. கிங்ஸ் கல்லூரியில் சிமியோனின் அறைகளில் வெள்ளி மாலைகளில் மாணவர்கள் தேநீருக்குக் கூடி, கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டார்கள். அவருக்கு உதவிக் குருவாக இருந்த ஹென்றி மார்ட்டின் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் குருவாக வங்காளத்துக்கு வந்தார். நீங்களும் வாரத்தில் ஒரு மாலை ஆயர்மனைக் கதவைத் திறந்துவைத்து, ஐந்தாறு வாலிபரைத் தேநீருக்குக் கூப்பிட்டு, “போன ஞாயிறு எது விளங்கவில்லை?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சுருக்கத் தாளின் பின்பக்கத்தில் குறித்து, வேதபுத்தக வரிசைப்படி கோப்பில் வையுங்கள். சில வருஷம் கழித்து அதே பகுதி திரும்ப வரும்போது முதலில் வசனத்தை ஐந்து முறை வாசியுங்கள். பழைய தாளை புதன்கிழமைக்கு முன்பு எடுக்காதீர்கள்.