ரிசர்வ் பரசூட்: கடற்கரையில் பறப்பவர்கள் விடும் பிழைகள்

பராகிளைடர் என்ற துணிச்சிறகு காற்றில் மடிந்து சுழலத் தொடங்கினால், கடைசித் துணை, பறப்பவர் அமரும் பட்டி இருக்கையான ஹார்னஸுக்குள் இருக்கும் ரிசர்வ் பரசூட். அது சரியாக விரியுமா என்பது பாதி வீட்டிலேயே தீர்மானமாகிவிடும்.

“ஒருமுறைகூட எறியவில்லையே, புதுசு மாதிரித்தானே இருக்கு” என்று வருஷக்கணக்கில் பிரிக்காமல் விடுவதுதான் பரவலான தவறு. 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, காற்றாட விட்டு, மறுபடி மடிக்கும்படி தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். திருகோணமலைக் கரையோரம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வைத்திருப்பவர்கள் 6 மாதத்தையே கணக்கில் எடுப்பது நல்லது. ஈரத்தோடு அமுங்கிக் கிடக்கும் துணி ஒட்டிக்கொண்டு மெதுவாக விரியும். கயிறுகளைப் பிடித்திருக்கும் றப்பர் பாண்டுகள் வெக்கையில் பிசுபிசுத்துப் போகும். கடலில் நனைந்ததை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். வெயில் நைலோனைக் கெடுக்கும்.

பழைய ரிசர்வைப் புது ஹார்னஸில் அப்படியே செருகுவதும் ஆபத்து. எறியும் கைப்பிடியையும் ரிசர்வ் மடித்து வைத்த உள்பையையும் இணைக்கும் பட்டி அளவுக்கு மீறிக் குட்டையாக இருந்தால், ஹார்னஸில் அதன் அறையை மூடியிருக்கும் ஊசிகள் கழலும் முன்பே பை இழுபட்டு இறுகிவிடும். பிறகு எவ்வளவு பலமாக இழுத்தாலும் வராது. ஹார்னஸை உறுதியான கூரை வளையில் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து ஒருதடவை இழுத்துப் பாருங்கள். மாமரக் கிளையும் போதும், கிளை தாங்குமென்றால்!

சரி, மேலே? கிளைடரோடு மல்லுக்கட்டியே உயரத்தைத் தொலைக்கிறார்கள். செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் சுழன்று விழுந்தால், 100 மீற்றர் உயரத்தில் மிஞ்சுவது 5 செக்கன்தான். கைப்பிடியைக் கண்ணால் பார்த்துப் பிடியுங்கள். இழுத்து, வெற்று வெளியை நோக்கி வீசி, கையை விடுங்கள். பதற்றத்தில் கைப்பிடியை விடாமலே இருந்தவர்களும் உண்டு.

விரிந்ததும் கிளைடரின் கயிறுகளை இழுத்து அதை மடக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் எதிரெதிராக இழுத்து, இறங்கும் வேகம் கூடும். ஐரோப்பியத் தரத்தின்படி ரிசர்வ் செக்கனுக்கு 5.5 மீற்றருக்கு மேல் இறங்கக்கூடாது. அதுவே ஒன்றரை மீற்றர் மதிலிலிருந்து குதிப்பதற்குச் சமம். கால்களைச் சேர்த்து, முழங்காலைச் சற்று மடித்து, விழுந்து உருளுங்கள். ரிசர்வின் அளவை உடல் எடையை மட்டும் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். கிளைடர், ஹார்னஸ், உடை எல்லாம் சேர்த்த எடைதான் கணக்கு.

திருகோணமலையில் மறக்கக்கூடாதது கச்சான் காற்று. அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். சாதாரண வட்ட ரிசர்வைத் திருப்ப முடியாது, காற்றோடுதான் போகும். அந்த நாட்களில் கரையோரம் பறக்கவே வேண்டாம் என்பேன். மற்ற நாட்களிலும் உயிர்காப்பு அங்கி கட்டாயம், ஏனென்றால் ஹார்னஸின் முதுகுப்பக்க நுரைப் பஞ்சு உங்களைக் குப்புற மிதக்க வைக்கலாம். கயிறறுக்கும் கத்தியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தண்ணீருக்கு மேலே உயரம் கண்ணை ஏமாற்றும், ஆகவே தண்ணீரில் இறங்கும்போது ஹார்னஸின் கால்பட்டிகளை வெகு முன்னரே கழற்றிவிடாதீர்கள். பறக்கும் முன் கரையில் ஒரு படகுக்காரரிடம் சொல்லி வையுங்கள்.