கிரிக்கெட் நீண்டாலும் தேர் தப்பாது: வீட்டில் டிவி நிகழ்ச்சி பதிவு செய்யும் முறை

முந்தின வருடம் நல்லூர் முருகன் கோயில் தேரன்று காலையில் அம்மம்மாவுக்கு கிளினிக். திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் போய் வர அவவின் முழங்கால் இடம் கொடுக்காது. நேரலைதான் அவவுக்கு நல்லூர். பதிவில் போட்டுவிட்டுத்தான் வீட்டைப் பூட்டினோம். பின்னேரம் போட்டுப் பார்த்தால் வசந்தமண்டபப் பூசை முழுக்க இருக்கிறது, முருகன் தேருக்கு வருகிற நேரத்தில் படம் நின்றுவிட்டது. "தம்பி, தேர் எங்க?" என்று கேட்டா. எனக்கு வாய் வரவில்லை.

பிழை பென்டிரைவில். அதிலிருந்து படித்ததை, இதுவரை ஒரு நிகழ்ச்சியும் பதிவு செய்யாதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், உங்களிடம் என்ன பெட்டி?

டிஷ்ஷுடன் வரும் செட் டொப் பொக்ஸின் முன்னாலோ பின்னாலோ யூஎஸ்பி துளை இருக்கும். றிமோட்டில் சிவப்புப் புள்ளியோடு ஒரு பொத்தான் இருந்தால் பெரும்பாலும் பதிவு வசதியும் உண்டு. கட்டணச் சேவைப் பெட்டிகளில் எடுத்த பதிவு பல வேளைகளில் அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். பெட்டியை மாற்றினால் பதிவும் போய்விடும். இலவச சனல் பெட்டியில் எடுத்ததைப் பெரும்பாலும் கணினியில் விஎல்சி என்ற வீடியோ செயலியில் போட்டுப் பார்க்கலாம். கூரை அன்டெனாவில் வரும் அனலொக் சனல்களுக்கு இந்த முறை சரிவராது.

பென்டிரைவைத் தயார் செய்வது

ஃபேட்32 என்ற முறையில் ஃபோர்மட் செய்த பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சில பெட்டிகள் அந்த இடத்தில் அடுத்த துண்டைத் தொடங்கும். எங்களுடையது பேசாமல் நின்றுவிட்டது.

கணக்கு இலகுவானது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வரும் படம் ஒரு மணித்தியாலத்தில் 450 எம்பி பிடிக்கும். 4 மெகாபிட்டில் வரும் சாதாரண சனல் என்றால் மணிக்கு 1.8 ஜிபி. இரண்டேகால் மணித்தியாலத்தில் 4 ஜிபி நிரம்பிவிடும். 8 மெகாபிட்டில் வரும் எச்டி சனலுக்கு ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான். தேர் நேரலைக்கு இது எந்த மூலைக்கு?

ஆகவே பென்டிரைவைப் பெட்டியில் செருகி, பெட்டியின் மெனுவிலேயே ஃபோர்மட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ் என்ற தெரிவு இருந்தால் அதை எடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழியும், கல்யாணப் படங்கள் ஏதும் இருந்தால் முதலில் வேறிடத்தில் போட்டு வையுங்கள். பென்டிரைவுக்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க் செருகியதும் டிக், டிக் என்று சத்தம் வந்தால் யூஎஸ்பி துளை கொடுக்கும் மின்சாரம் அதற்குப் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். தனி அடப்டர் உள்ள டிஸ்க்கோ நல்ல பென்டிரைவோ போதும்.

மணிக்கூட்டைச் சரிபார்ப்பது

குறித்த நேரத்தில் பதிவைத் தானாகத் தொடங்கி நிறுத்தும் டைமர், பெட்டியின் மணிக்கூட்டைத்தான் நம்பும். நேர வலயத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்யாமல் +5:30 என்ற எண்ணைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் வேறாக இருந்தது. பழைய பட்டியல்களில் கொழும்புக்கு நேரே +6:00 கிடக்கலாம். இப்போது நமக்கும் சென்னைக்கும் ஒரே நேரம், இந்திய சனல்களின் நேரத்தைக் கூட்டிக் கழிக்கத் தேவையில்லை.

டைமர் போடுவது

சனல், தொடக்கம், முடிவு, ஒருநாளா தினமுமா என்று மெனு கேட்கும். இதில் கவனிக்க வேண்டியது அறிவித்த நேரத்தை நம்பக் கூடாது என்பதுதான். ஒரு கிழமைக்கு, நிகழ்ச்சி உண்மையில் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். 8:30 என்று போடும் தொடர் 8:27இலிருந்து 8:41 வரை எங்கே வேண்டுமானாலும் தொடங்கியது.

அதனால் சாதாரண நாளில் 10 நிமிடம் முந்தியும் 30 நிமிடம் பிந்தியும் எடுங்கள். நிகழ்ச்சிக்கு முன்னால் கிரிக்கெட் நேரலை இருந்தால் பின்பக்கம் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். மழை வந்து ஆட்டம் நின்றால் அதுவும் போதாமல் போகலாம். தேர்தல் முடிவு வரும் இரவு, பௌர்ணமிப் போயா, தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு நாட்களில் வழமையான நிரலே மாறும். திரையில் வரும் நிகழ்ச்சி வழிகாட்டியில் பெயரை அழுத்திப் பதிவு போட்டாலும், நிரல் மாறினதை அது அறிந்துகொள்ளும் என்று இருக்க வேண்டாம். மணிக்கணக்கில் போட்ட டைமர்தான் எனக்குக் கைகொடுத்தது. மிஞ்சியதை அழிக்கலாம், எடுக்காமல் விட்டதைத் தேடிப் பிடிக்க முடியாது.

கரண்டும் மழையும்

பதிவு ஓடும்போது டிவி எரிய வேண்டியதில்லை. பெட்டி மட்டும் ஸ்டான்ட்பையில் இருக்க வேண்டும். சுவரில் சுவிட்சை நிற்பாட்டிவிட்டுப் படுக்கும் பழக்கத்தை அன்றைக்கு மட்டும் விடுங்கள். டிஷ்ஷின் மூக்கிலிருந்து சிக்னலைப் பிடிக்கும் எல்என்பிக்கும் பெட்டியிலிருந்தே வயர் வழியாக மின்சாரம் போகிறது. அதனால் பற்றரியுள்ள சின்ன யூபிஎஸ் ஒன்றில் பெட்டியைப் போட்டால் குறுகிய மின்வெட்டைத் தாண்டிவிடலாம். பியோ டிவி போல இணைய வயரில் வருவதென்றால் ரவுட்டரையும் சேர்த்துப் போடுங்கள். யூபிஎஸ் இல்லாவிட்டால், ஒருமுறை பிளக்கைக் கழற்றி மாட்டி, பெட்டி தானாக எழும்பி மணிக்கூட்டைச் சரிசெய்கிறதா என்று பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கேயூ என்ற அலைவரிசையைப் பிடிக்கும் சின்ன டிஷ்ஷுக்கு சிக்னல் விழுந்துவிடும். அதற்கு வீட்டிலிருந்து செய்ய ஒன்றுமில்லை, மறு ஒளிபரப்புக்கும் ஒரு டைமர் போட்டு வையுங்கள். இடி மழை வரும் போலிருந்தால், பதிவைப் பாராமல், இடி தொடங்க முன்னரே பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள்; இடி முழங்கத் தொடங்கிய பிறகு வயரைத் தொட வேண்டாம். திருக்கடலூர், உப்புவெளிப் பக்கம் கடற்கரையோரம் இருப்பவர்கள் வயர் முனையையும் பார்க்க வேண்டும். எங்கள் சித்தி வீட்டில் அதைக் கழற்றியபோது செம்புக் கம்பி பச்சை பிடித்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஒரு அங்குலம் வெட்டி, புது முனை போட்டு, மேலே ரப்பர் டேப் சுற்றிய பிறகு மழையில்லாத நாட்களில் படம் உடையவில்லை.

ஒத்திகை

முக்கியமான நாளுக்கு முதல் நாள், அதே சனலில் அதே நீளத்துக்கு ஒரு பதிவு எடுத்து, கடைசி ஐந்து நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். தொடக்கம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

அடுத்த வருடத் தேருக்கு அதிகாலையிலிருந்து மத்தியானம் வரை எடுத்தேன். றிமோட்டின் நிறுத்தும் பொத்தானில் ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு வைத்துக் கொடுத்தேன். தேர் வாசலுக்கு வந்த இடத்தில் அம்மம்மா அதை அழுத்திவிட்டு, எழும்பிப் போய்க் கற்பூரம் எடுத்துக்கொண்டு வந்தா.