“அப்பாகிட்ட சொல்லாத மக்களே”: கல்லூரிப் பிள்ளைகள் விஷயத்தில் குமரி வீடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிப்புக்குச் செலவழிக்கத் தயங்காத மாவட்டம் நம்முடையது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்திலேயே முதலிடம். ரப்பர் பால் வெட்டப் போகிறவரும் கடலுக்குப் போகிறவரும் எப்படியாவது பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிடுகிறார்கள். சிக்கல் எல்லாம் சேர்த்த பிறகுதான்.

கல்லூரியில் வகுப்பு டியூட்டராக, அதாவது ஒரு வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியராக இருப்பவர்கள், அட்டெண்டன்ஸ் குறைந்த பிள்ளைகளின் வீட்டுக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டும். நான் போன் போடும்போது பெரும்பாலும் மறுமுனையில் வருவது கோபம் அல்ல, திகைப்பு. “காலைல ஏழு மணி பஸ்ஸுக்குப் போறானே சார், சாயங்காலம்தான வாறான்?” அரியர் விழுந்தது ஒரு வருஷம் கழித்துத் தெரிகிறது. அட்டெண்டன்ஸ் போனது ஹால் டிக்கெட் வராதபோது தெரிகிறது. கீழே சொல்லும் தவறுகள் வேறு வேறு மாதிரி தெரிந்தாலும், கெட்ட செய்தி வீட்டுக்கு வரும் வழியை அடைத்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் நடக்கிறது.

“மார்க் வந்தாச்சா?”

ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து வரும் போன் எப்படி இருக்கும் என்று மாணவர்களிடமே கேட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட இப்படித்தான்:

“சோறு தின்னியா மக்களே?”
“தின்னேன்.”
“படிக்கியா?”
“படிக்கேன்.”
“மார்க் வந்தாச்சா?”
“இல்ல.”
“மேலத்தெரு அண்ணன் மவளுக்கு கேம்பஸ்ல வேலை கெடைச்சிருக்காம், கேட்டியா?”
“ம்.”
“சரி, வச்சிருதேன்.”

முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகாது. அம்மாவுக்குப் பேசிவிட்ட திருப்தி, பிள்ளைக்குத் தப்பித்துவிட்ட நிம்மதி. வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பாவென்றால் வெள்ளிக்கிழமைதான் போன். ஒரு வாரத்துக்கான விசாரணை மொத்தமும் அன்றைக்கே நடக்கும்.

மார்க் தினமும் வருகிற சாதனம் இல்லை. கலை, அறிவியல் கல்லூரிகளில் பொதுவாக ஒரு பாடத்துக்கு இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி படிக்கும் பொறியியல் மாணவர்களுக்குத் தியரி பாடங்களில் இன்டர்னல் 40, தேர்வு 60. இந்த இன்டர்னல் என்பதே இரண்டு மூன்று தேர்வும் சில அசைன்மென்ட்டும்தான். ஒரு செமஸ்டரில் மார்க் பற்றிக் கேட்கத் தகுந்த நாட்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. மற்ற நாளெல்லாம் கேட்டால் “இல்ல” என்றுதான் சொல்ல முடியும். அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், சொல்ல வேண்டிய நாளிலும் “இல்ல” என்றே சொல்லிவிடும்.

வேறு எதைக் கேட்பது? மத்தியானம் யார்கூட இருந்து சாப்பிட்டாய், ரூம் பையன் எந்த ஊர், இன்றைக்கு எந்த சார் அதிகமாக அறுத்தார். கடைசிக் கேள்வியை ஓர் ஆசிரியர் சிபாரிசு செய்யக் கூடாதுதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லாத மாணவன் கிடையாது. அந்தப் பதிலிலேயே எந்தப் பாடம் மண்டையில் ஏறவில்லை என்பதும் சேர்ந்து வந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வேலைச் செய்தியைச் சொல்லியே தீர வேண்டும் என்றால் அதை வேறொரு நாளைக்கு வையுங்கள்.

“அப்பாகிட்ட சொல்லாத”

தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகளில் போகிறவர்கள் கரைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்கள் வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். அதனால் பிள்ளைகளின் படிப்பு முழுக்க அம்மா கையில். முதல் அரியர் விழுந்ததும் பிள்ளை அம்மாவிடம் சொல்கிறது. அதுவரை நல்லது. அம்மா உடனே சொல்லும் வார்த்தைதான் கெடுக்கிறது: “அப்பா அறிஞ்சா கொன்னுருவாரு. நான் பாத்துக்கிடுதேன்.” சீட்டுப் பணத்திலிருந்து தேர்வுக் கட்டணம் போகிறது. அடுத்த செமஸ்டரில் அந்த ஒன்று மூன்றாகிறது.

பிறகு ஏதாவது ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர் வாயால் அப்பாவுக்கு விஷயம் தெரிய வருகிறது. அவர் அன்றைக்குக் கோபப்படுவது அரியருக்காக அல்ல. வீடே சேர்ந்து தன்னை முட்டாளாக்கியதற்காக. நியாயமான கோபம்தான். ஆனால் அதை வாங்கிக்கொள்வது பிள்ளை.

ஓர் அரியர் இருக்கும்போதே சொல்லிவிடுவது எல்லோருக்கும் எளிது. பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தாமல் அம்மா தனியாக, சேதி வந்த வாரத்திலேயே சொல்லட்டும். “அடுத்த தடவை எழுதிருவான், டியூட்டர்கிட்ட பேசியாச்சு” என்று சேர்த்துச் சொன்னால் கடலுக்கு நடுவில் இருப்பவரும் பொறுத்துக்கொள்வார். “அப்பா வரட்டும், சொல்லுதேன்” என்று மிரட்டுவதும் இதே தவறின் மறுபக்கம். அப்பாவை எப்போதோ வந்துபோகும் போலீஸ்காரராக்கிவிட்டால், பிள்ளைக்கு நிஜமாகவே அவர் தேவைப்படும் நாளில் அவரிடம் போகத் தோன்றாது.

“ஒரு நாள் லீவு போட்டா என்ன?”

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வையுங்கள். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். அப்படியென்றால் மொத்தம் 22 நாள்தான் கையில் இருக்கிறது. 65-க்கும் 75-க்கும் இடையில் இருப்பவர்கள் தகுந்த காரணம் காட்டி, கட்டணம் கட்டி எழுத விதி உண்டு. அதற்குக் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வையே விட வேண்டி வரும்.

அந்த 22 நாளை யார் செலவு செய்கிறார்கள்? பல நேரம் பிள்ளை அல்ல, வீடு. சித்தி மகள் நிச்சயதார்த்தம், புது வீட்டுப் பால் காய்ச்சு, பாட்டி இறந்த பிறகு நடக்கும் அடியந்திரச் சடங்கு, கோயில் கொடை. கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை நடக்கும். செமஸ்டர் தேர்வுக் காலமும் ஏறக்குறைய அதேதான். திருவிழாவுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து நாளும் வீடு நிறைய விருந்தாளி இருந்தால் எங்கே உட்கார்ந்து படிப்பது?

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் பாட்டி அட்மிட் ஆனால் கூட இருக்க லீவு போடுவது பேத்திதான், பேரன் இல்லை. குலசேகரம், அருமனை பக்கத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் வந்துபோகும் பெண்ணைக் கவனியுங்கள். விடியுமுன் எழுந்து, மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்து, சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) தொலிக்க உட்காருகிறாள். அதே பஸ்ஸில் வந்த அண்ணன் போனோடு கட்டிலில் கிடக்கிறான். “பிள்ளைக்கு இப்பல்லாம் படிப்பில கவனம் இல்ல சார்” என்று என்னிடம் சொல்லும் அம்மாவிடம் நான் முதலில் கேட்பது அவள் எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்றுதான்.

“அரியரா? குடும்ப மானம் போச்சு”

ஓர் அரியரால் எதுவும் போகாது. எந்த இடத்தில் விழுந்தது என்று பார்க்க வேண்டும். இன்டர்னலே குறைவு என்றால் வகுப்புக்குப் போகவில்லை, அல்லது அசைன்மென்ட் கொடுக்கவில்லை. இன்டர்னல் நன்றாக இருந்து தேர்வில் மட்டும் விழுந்தால் பாடம் தெரிந்தும் எழுத வரவில்லை என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷம் தமிழ் வழியில் படித்துவிட்டு திடீரென்று ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கும் பிள்ளைகளுக்கு முதல் வருஷம் இது சாதாரணம். இரண்டுக்கும் மருந்து வேறு. திட்டு இரண்டுக்கும் மருந்து இல்லை. பொறியியலில் மொத்தத்தில் 50 சதவீதம் வந்தாலும் போதாது, செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் வாங்க வேண்டும் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. “அம்பதுக்கு மேல இருக்கே, ஏன் ஃபெயில்?” என்று பிள்ளையைப் பொய்யனாக்கிவிடுகிறார்கள்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க ரிசல்ட் வந்த சில நாட்கள்தான் அவகாசம். வீட்டில் நாலு நாள் சண்டை போட்டால் அந்தத் தேதி போய்விடும்.

பெற்றோர் கல்லூரிக்குப் போவதும் ஒரு கலை. சிலர் மூன்று வருஷமும் எட்டிப் பார்ப்பதில்லை. சிலர் பிள்ளைக்கே சொல்லாமல் நேராக முதல்வர் அறைக்கு, கூடவே ஒரு கட்சிக்காரரையோ சபைப் பெரியவரையோ கூட்டிக்கொண்டு. இரண்டும் வேண்டாம். முதலில் டியூட்டர், பிறகு துறைத்தலைவர். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள். “நல்லா படிக்கானா?” என்று கேட்டால் நாங்களும் “பரவாயில்ல” என்று சொல்லி முடித்துவிடுவோம். வகுப்பில் யாருடன் உட்காருகிறான், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

“உனக்கு என்ன குறைச்சல்?”

இதுதான் ஆபத்தான வாக்கியம். குழித்துறையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட்ட பிள்ளை பத்து நாளில் “இங்க பிடிக்கல” என்று அழுதால் அது பெரும்பாலும் வீட்டு நினைப்பு. சில வாரத்தில் அடங்கும். அடங்கவில்லை என்றால் ராகிங் நடக்கிறதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1997-லிருந்தே ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் இருக்கிறது. 1800-180-5522 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம்.

கவலைப்பட வேண்டியது வேறு மாதிரி மாற்றங்களுக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூங்காமல் இருப்பது அல்லது எந்நேரமும் தூங்குவது, குளிக்கச் சடைவது, பிடித்த மீன் கறியை வைத்தாலும் எழுந்து போவது, கூட்டுக்காரர்களிடம் பேச்சை நிறுத்துவது, “நான் இல்லாட்டா உங்களுக்குச் செலவு மிச்சம்” என்கிற மாதிரி வார்த்தைகள். அதைக் கொழுப்பு என்றும் சோம்பல் என்றும் போன் கெடுத்துவிட்டது என்றும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். கொஞ்சம் முற்றினால் கைவிஷம் யாரோ கொடுத்துவிட்டார்கள் என்று எடுக்கப் போவது, ஜெபத்துக்குக் கூட்டிப் போவது. பிரார்த்தனை நடக்கட்டும், அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் அதை முடித்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று காத்திருப்பதில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச 14416 என்ற டெலி மானஸ் எண் 2022-லிருந்து இரவு பகல் எந்நேரமும் வேலை செய்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பெற்றோரும் கூப்பிட்டு யோசனை கேட்கலாம்.

சாவு பற்றிய பேச்சு வந்தால் “அப்படியெல்லாம் பேசாத” என்று வாயை அடைக்காதீர்கள். “செத்துப் போயிரலாம்னு தோணுதா மக்களே?” என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் கூடவே இருந்து அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். முயற்சி நடந்துவிட்ட வீடுகளில் போலீஸ் கேஸ் வரும் என்று பயந்து மூடி மறைக்கிறார்கள். அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. “பின்னால கல்யாணத்துக்குத் தடங்கல் வரும்” என்ற பயத்தில் பெண்பிள்ளையின் மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் அம்மாக்களும் உண்டு. மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

“கடன் வாங்கிப் படிக்க வைக்கேன்”

கட்டணம் கட்டும் ஜூன், ஜூலை மாதங்கள் நம் ஊரில் கை வறண்ட காலம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. மழையில் பால்வெட்டும் நின்றுவிடும். நிலைமையைப் பிள்ளையிடம் ஒருமுறை உட்காரவைத்துச் சொல்லலாம். சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் சொன்னால் அது தகவல் இல்லை, குத்தல். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் வந்தது. அந்தப் பணம் பிள்ளையின் கணக்கில் வருவது. அதை வீட்டுச் செலவுக்கு வாங்கிவிட்டு ஜெராக்ஸுக்குப் பணம் கேட்கும்போது கணக்குக் கேட்காதீர்கள்.

“சேர்ந்தாச்சு, இனி மாற முடியாது”

நர்சிங் படித்தால் வெளிநாடு, இன்ஜினியரிங் படித்தால் கம்பெனி என்று வீடு முடிவு செய்து சேர்த்த பிள்ளை, முதல் செமஸ்டரிலேயே முடியவில்லை என்று சொன்னால் அடம் என்று எடுக்க வேண்டாம். இதர பாடங்களில் நன்றாக இருந்து ஒன்றிரண்டில் மட்டும் தடுமாறினால் பொறுத்துப் பார்க்கலாம். ஆய்வகத்துக்குள் நுழையவே வயிற்றைக் கலக்குகிறது என்கிற பிள்ளையை நாலு வருஷம் ஓட்டுவதைவிட ஒரு வருஷத்தை இழப்பது லாபம். ஒரிஜினல் சர்ட்டிபிகேட் கல்லூரியில் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்பதுதான் பலரைத் தடுக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. வாய்மொழியாகக் கேட்டு அலையாமல் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். தரவில்லை என்றால் பல்கலைக்கழகத்துக்கு எழுத அந்த நகல் வேண்டும்.