வீட்டிலேயே ஒரு பேஸ்பால் கார்டு

பேஸ்பால் கார்டு என்றால் முன்னால் வீரரின் படமும் பின்னால் அவர் ஆட்டக் கணக்கும் போட்ட சின்ன அட்டை. லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் ஆடும் பிள்ளைக்கு அவன் படமே போட்ட கார்டு செய்து கொடுங்கள், கோப்பையைவிட அதற்குத்தான் மவுசு. அளவு 2.5-க்கு 3.5 அங்குலம். பேஸ்பால் கார்டு அச்சிடும் டாப்ஸ் நிறுவனம் 1957-இல் இந்த அளவுக்கு மாறியது. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் உறைகள் இன்றும் இதற்குத்தான் பொருந்தும். கணினியில் 750-க்கு 1050 பிக்சல் போதும்.

படம்தான் உயிர். தொப்பி விளிம்பின் நிழல் கண்ணை மறைத்துவிடும். முழங்காலிட்டுக் கீழிருந்து எடுங்கள், இல்லையென்றால் பகலிலும் ஃபிளாஷ் போடுங்கள்.

ஒரே தாளில் இருபுறமும் அச்சிட்டால் பெரும்பாலும் கொஞ்சம் விலகும். தனித்தனியாக அச்சிட்டு, பசைக்குச்சியால் ஒட்டி, கனமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு வையுங்கள். அப்புறம் இரும்பு ஸ்கேல் பிடித்து கட்டரால் வெட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம், ஓரம் நெளியும்.

பின்பக்கத்தில் பேட்டிங் சராசரி: 40 அட்-பேட்டில் (பேட் பிடித்த முறைகள்) 12 ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டியவை) என்றால் 12-ஐ 40-ஆல் வகுத்து .300. வாக் கிடைத்து, அதாவது பந்து சரியாக வராததால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போனதை அட்-பேட்டில் சேர்க்கக்கூடாது. ரொம்பச் சின்னப் பிள்ளை என்றால் கணக்கே வேண்டாம். 'பிடித்த தீனி: சூரியகாந்தி விதை' என்று போடுங்கள், அதைத்தான் எல்லோரும் படிப்பார்கள்.