பள்ளிக்கரணையை மீட்பதென்றால்: திட்டத்திலேயே நுழைந்துவிடும் தவறுகள்

தென்சென்னையில் இருக்கும் பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலத்தை மீட்கப் போகிறோம் என்றதும் பொக்லைனைக் கூப்பிடுவதுதான் பெரிய தவறு. தூர்வாரி ஆழப்படுத்தினால் தண்ணீர் கூடுதலாக நிற்கும் என்பது ஏரிக்குச் சரி. பள்ளிக்கரணை ஏரி அல்ல. அங்கே நெடுங்கால் உள்ளான் இரை தேடுவது கால் நனையும் தண்ணீரில். பூநாரைக்கும் ஆழம் ஆகாது. நாமக்கோழிக்கு முங்கி எழும் அளவு தண்ணீர் வேண்டும். நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளின் மேல்தான் கூடு வைக்கும். எல்லா இடத்தையும் ஒரே மட்டத்துக்குத் தோண்டி, எடுத்த மண்ணைச் சுற்றிலும் கரையாகக் கொட்டினால் இந்த மேடுபள்ளம் அத்தனையும் போய்விடும். கோடையில் ஓரங்கள் காய்ந்து வெடிப்பதும் சதுப்பின் இயல்புதான். அதைப் பார்த்துப் பதறி ஆண்டு முழுக்கத் தண்ணீரைத் தேக்கி வைக்கத் திட்டமிட வேண்டாம்.

அடுத்தது, வேலிக்குள் மட்டும் திட்டம் போடுவது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். ஆனால் அதற்குத் தண்ணீர் வருவது தென்சென்னையின் சங்கிலித் தொடர் ஏரிகளிலிருந்து. வெளியேறுவது ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு, அங்கிருந்து முட்டுக்காடு முகத்துவாரத்துக்கு. இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் மேலே வீடுகளுக்குள் தண்ணீர் புகும். 2015 டிசம்பரில் வேளச்சேரி பட்ட பாடு தெரியும்தானே.

ஆகவே முதல் செலவு, தரை எங்கே எவ்வளவு உயரம் என்று பார்க்கும் மட்ட அளவீட்டுக்குத்தான் போக வேண்டும். துரைப்பாக்கம் ரேடியல் சாலை சதுப்பை வெட்டிக்கொண்டு போகிறது. அப்படி ஒரு சாலைக்குக் கீழே உள்ள கல்வெர்ட்டின் (தண்ணீர் போகும் சிறுபாலத்தின்) அடிமட்டம் சதுப்பின் தரையைவிட அரை அடி உயர்ந்திருந்தாலே போதும், ஒரு பக்கம் தேங்கும், மறுபக்கம் காயும். வெள்ளத்துக்குப் பயந்து வெளியேறும் வழியை அளவுக்கு மீறி ஆழப்படுத்தினாலும் ஆபத்துதான்: மழை நின்றதும் சதுப்பு சீக்கிரமே வடிந்துவிடும், கால்வாய் வழியே உப்புநீர் மேலேறவும் இடம் கிடைக்கும். எவ்வளவு வடிய வேண்டும், எவ்வளவு நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யாமல் மதகு கட்டவோ மடுவை வெட்டவோ கூடாது.

கழிவுநீர் வரும் வாயை அடைக்காமல் ஆகாயத்தாமரையை மட்டும் வாரிக்கொண்டிருப்பது இன்னொரு தவறு. சாக்கடையில் வரும் சத்துதான் அதற்கு உரம். வாரிய இடத்தில் மறுபடி படர்ந்துவிடும். பெருங்குடி குப்பைமேட்டிலிருந்து கசியும் நீரும் அப்படியே. குப்பையை பயோமைனிங் செய்து, அதாவது தோண்டிப் பிரித்தெடுத்து, அகற்றிய இடத்தைத் தண்ணீருக்கே திருப்பித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டடமோ புல்வெளிப் பூங்காவோ வந்தால் அது மீட்பு ஆகாது.

மரக்கன்று விஷயத்திலும் கவனம் தேவை. கண்டல் செடிகள் (மாங்குரோவ்) அலை ஏறி இறங்கும் உப்பங்கழிக்கு உரியவை. எண்ணூரிலும் அடையாறு முகத்துவாரத்திலும் அவற்றுக்கு இடமுண்டு, அங்கேயும் பறவைகள் மேயும் வெற்றுச் சேற்றுத்திட்டுகளை விட்டுவிட்டுத்தான் நட வேண்டும். பள்ளிக்கரணைக்குக் கோரையும் சம்பும் போதும். சீமைக்கருவேலத்தை எடுக்க வேண்டியதுதான். ஆனால் கூடு இருக்கிறதா என்று பார்த்து, பகுதி பகுதியாக.

நடைபாதை, விளக்கு, செல்ஃபி மேடை எல்லாம் ஓரத்தோடு நிற்கட்டும். இரவில் வெளிச்சமே வேண்டாம்.

அப்புறம், சுற்றியிருக்கும் ஊர்க்காரர்களை, குறிப்பாக மீன் பிடிப்பவர்களையும் மாடு மேய்ப்பவர்களையும், திட்டம் முடிந்த பிறகு கூட்டத்துக்கு அழைப்பதும் தவறுதான். எந்த மழைக்கு எந்தப் பக்கம் தண்ணீர் ஏறும், முன்பு வாய்க்கால் எங்கே ஓடியது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வரைபடம் போடும் முன்பே அவர்களோடு ஒரு முறை நடந்து பாருங்கள்.

வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அக்டோபரில் மழையும் வலசைப் பறவைகளும் வந்துவிடும், அந்த நேரத்தில் இயந்திரம் இறங்கக் கூடாது. ஒப்பந்தத்தைத் திறப்பு விழாவோடு முடிக்காமல், குறைந்தது ஐந்து ஆண்டு பராமரிப்புக்கும் நீர்மட்டம், உப்புத்தன்மை, பறவைக் கணக்கெடுப்புக்கும் தொடக்கத்திலேயே பணம் ஒதுக்குங்கள்.