வேலை, வீடு, மாரத்தான்: மோசமான வாரத்தை வைத்து அட்டவணை போடுங்கள்

சிங்கப்பூரில் டிசம்பர் மாரத்தான் பந்தயத்துக்காக ஆகஸ்ட்டில் பயிற்சி தொடங்குகிறவர்கள் பலர் தீபாவளிக்குள் காணாமல் போய்விடுகிறார்கள். அதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். பெரும்பாலும் தவறு அட்டவணையில்தான் இருக்கும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் வாரத்தை மனத்தில் வைத்து, ஐந்து நாள் ஓட்டம் என்று எழுதியிருப்பார்கள். மாதக் கடைசி வேலை, பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து விருந்தாளி என்று எது வந்தாலும் இரண்டு நாள் போய்விடும். விட்டுப்போன நாள்கள் சேரச் சேர, அட்டவணையைத் திறந்து பார்க்கவே மனம் வராது.

கடந்த இரண்டு மாதத்தில் உங்களுக்கு வாய்த்த மிக மோசமான வாரம் எது? அந்த வாரத்திலும் எத்தனை முறை ஓடியிருக்க முடியுமோ, அதுதான் உங்கள் அட்டவணை. வேலைக்குப் போகும் பெற்றோர் பலருக்கு அது மூன்று முறை: 40 நிமிட நிதான ஓட்டம், 30 நிமிட வேக ஓட்டம், வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம். அரை மாரத்தானுக்கு இது தாராளம். முழு மாரத்தானை முடிக்கவும் போதும். நல்ல நேரத்தில் முடிக்க ஆசைப்பட்டால் போதாது. நேரம் கிடைத்த வாரத்தில் நான்காவது ஓட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தவறவிட்டதை மறுநாள் சேர்த்து ஓடி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கெண்டைக்கால் தசை பிடித்துக்கொள்வதும் முழங்கால் வலியும் பல நேரம் இப்படித்தான் தொடங்குகின்றன.

சிங்கப்பூரில் மனம் விட்டுப்போக இன்னொரு காரணம் கைக்கடிகாரம் காட்டும் வேகம். இணையத்தில் கிடைக்கும் பயிற்சித் திட்டங்களில் பல, குளிர் நாட்டு ஓட்ட வேகத்தை வைத்து எழுதப்பட்டவை. இங்கே காலை ஆறு மணிக்கு வெப்பம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, உடல் குளிர்வதில்லை. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குத் திருப்பிவிடப்படுவதால், அதே வேகத்துக்கு இதயம் நிமிடத்துக்கு 10, 15 முறை கூடுதலாகத் துடிக்கும். ஓடுகிறவரோ தன் உடற்தகுதி குறைந்துவிட்டது என்று நினைத்துச் சோர்ந்துபோகிறார்.

எனவே நிதான ஓட்டத்தில் வேகத்தைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். முன்னேற்றம் தெரிய வேண்டுமென்றால் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே இதயத்துடிப்பில் ஓடிப் பாருங்கள். பெடோக் நீர்த்தேக்கத்தின் ஒரு சுற்று 4.3 கிலோமீட்டர், இதற்கு மிகப் பொருத்தம். மூன்று மாதத்தில் ஒரு நிமிடம் குறைந்தாலே நல்ல பலன்தான்.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் குடித்தது போதவில்லை என்று பொருள். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், அதுவும் ஆபத்து. 90 நிமிடத்தைத் தாண்டும் ஓட்டத்துக்கு, லிட்டருக்குக் கால் தேக்கரண்டி உப்பு கலந்துகொள்ளுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் வியர்வையில் போகும் சோடியத்தை ஈடுகட்டும் அளவு அதில் இல்லை.

அதிகாலையில் எழ முடியாதவர்களுக்கு அலுவலகத்திலிருந்து ஓடியே வீடு திரும்புவது நல்ல வழி. காலாங் ஆற்றங்கரையிலிருந்து பீஷான் வரை பூங்கா இணைப்புப் பாதையில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். பாதியில் களைத்தால் எம்ஆர்டி ரயில் பிடிக்கலாம். இரவு வேலைக்குப் போகிறவர்கள் வேலை முடிந்த கையோடு ஓட வேண்டாம். தூங்கி எழுந்து, அடுத்த வேலைக்குக் கிளம்பும் முன் ஓடுங்கள்.

மழைக்கு மாற்றுத் திட்டம் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் திடீர்ப் புயல்மழை பெரும்பாலும் விடியற்காலையில்தான் அடிக்கும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே போகாதீர்கள். அந்த நேரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் படிக்கட்டு இருக்கிறது: படியில் ஏறி, மின்தூக்கியில் இறங்கி, 20 நிமிடம். படியிலேயே இறங்கினால் முழங்கால் வாங்கிக் கட்டிக்கொள்ளும். நனைந்த காலணிக்குள் பழைய தமிழ் முரசு நாளிதழைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். அப்படியும் இந்த ஊர் ஈரத்தில் ஒரே நாளில் காய்வது சந்தேகம். இரண்டு ஜோடி வைத்துக்கொள்வதே நல்லது.

புகைமூட்டக் காலத்தில் பலரும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான பிஎஸ்ஐ-யைப் பார்க்கிறார்கள். அது 24 மணி நேரச் சராசரி. இப்போது கிளம்பலாமா என்பதற்கு காற்றிலுள்ள நுண்துகளைக் காட்டும் 1 மணி நேர பிஎம்2.5 அளவைப் பாருங்கள். 55-ஐத் தாண்டினால் உள்ளரங்கம்.

வீட்டில் "கொஞ்சம் ஓடிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் போனால் சண்டை வரத்தான் செய்யும். ஞாயிறு இரவே "சனிக்கிழமை ஐந்தரையிலிருந்து எட்டு வரை" என்று நேரம் சொல்லிக் கேளுங்கள். அதே அளவு நேரத்தைத் துணைக்கும் ஒதுக்குங்கள். பிள்ளையைத் துணைப்பாட வகுப்புக்குக் கூட்டிப்போகும் வேலையை எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பயிற்சியில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைப்பது வழக்கம். அந்த வாரங்களில் ஒன்றைத் தீபாவளியோடு பொருத்திவிட்டால் முறுக்கு சுடுகிற அன்று குற்ற உணர்வு இருக்காது.

ஒரு வாரம் விட்டுப்போனால் பெரிதாக எதுவும் குறையாது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு வாரம் போனால், முதல் வாரம் பாதித் தூரம். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் முழுதாகக் குணமாகும்வரை ஓட்டமே வேண்டாம். ஒரு மாதம் போய்விட்டால் பதிவை அரை மாரத்தானுக்கு மாற்ற முடியுமா என்று ஏற்பாட்டாளரிடம் உடனே கேளுங்கள். அதற்கான கடைசி நாள் பெரும்பாலும் பந்தயத்துக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும்.