கம்பெனி விழாவில் நலமும் மகிழ்ச்சியும்: முதலில் குறையுங்கள், அப்புறம் சேருங்கள்

ஆனுவல் டே பொறுப்பை உங்களிடம் கொடுத்து, "இந்த வருஷம் வெல்னஸ் மாதிரி ஏதாவது சேர்த்துடுங்க" என்று மேலிடத்தில் சொல்லியிருந்தால், உடனே வெண்டருக்குப் போன் போடாதீர்கள். போன வருஷத்து நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். ஒன்பதரைக்குக் குத்துவிளக்கு, அப்புறம் வரிசையாகப் பேச்சு, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, வருடக் கணக்கைச் சொல்லும் பிபிடி, விருது வழங்கல், எல்லாம் இழுத்து இரண்டேகாலுக்குச் சாப்பாடு என்று இருக்கும். இதற்கு நடுவில் அரை மணி நேரம் தியானம் என்று ஒன்றைச் செருகினால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. அத்தனை நேரம் ஏசி ஹாலில் உட்கார்ந்திருந்தவர் கண்ணை மூடினால் தூக்கம்தான் வரும்.

தனியாக ஒரு செஷன் வைப்பதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்பதற்கு ஆதாரமே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விவரங்களை வைத்து 2024 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சி, மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு, நலச் செயலிகள் போன்றவற்றில் கலந்துகொண்டவர்களின் மனநலம் கலந்துகொள்ளாதவர்களைவிட மேலாக இல்லை. தன்னார்வப் பணியில் ஈடுபட்டவர்களிடம் மட்டும் கொஞ்சம் நல்ல வித்தியாசம் தெரிந்தது. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் சுமார் ஐயாயிரம் ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனையிலும் மருத்துவச் செலவோ உடற்பயிற்சிப் பழக்கமோ சொல்லும்படி மாறவில்லை. ஏற்கெனவே உடம்பைக் கவனித்துக்கொள்கிறவர்கள்தான் அந்தத் திட்டத்தில் அதிகம் சேர்ந்தார்கள். யோகா செஷனுக்கு முதல் வரிசையில் பாயை விரிப்பவர் வீட்டிலும் தினமும் செய்கிறவராகத்தான் இருப்பார். நீங்கள் யோசிக்க வேண்டியது கடைசி வரிசையில் இருப்பவரைப் பற்றி.

ஆகவே முதல் வேலை வெட்டுவது. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பேச்சைக் கட்டுப்படுத்துங்கள், அதையும் முன்கூட்டியே பேசுபவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள், மேடையில் சீட்டுக் கொடுத்து யாரையும் நிறுத்த முடியாது. முக்கால் மணிக்கு மேல் தொடர்ந்து யாரையும் உட்காரவைக்காதீர்கள். சாப்பாடு ஒரு மணிக்கு என்றால் ஒரு மணிக்கே, விருது பாக்கியிருந்தால் அது சாப்பிட்ட பிறகு நடக்கட்டும். முடிக்கும் நேரத்தை அழைப்பிதழிலேயே போட்டு, அந்த நேரத்துக்கு வண்டிகளை வாசலில் நிறுத்துங்கள். குழந்தையை டே கேரில் விட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு, ஐந்து மணிக்குக் கிளம்பலாம் என்று உறுதியாகத் தெரிந்திருப்பதைவிடப் பெரிய நிம்மதியை எந்தப் பயிற்சியாளரும் கொடுத்துவிட முடியாது.

சத்தத்தையும் பாருங்கள். பாட்டுக் கச்சேரி, டிஜே நடக்கும் இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான இடம் ஒன்று இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஹோட்டல் ஹால் எடுக்கும்போதே பக்கத்தில் ஒரு சின்ன அறையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மங்கலான வெளிச்சம், நாலைந்து நல்ல நாற்காலி, தண்ணீர், அவ்வளவு போதும். ஒற்றைத் தலைவலிக்காரர், கூட்டம் என்றாலே படபடப்பு வருபவர், கர்ப்பிணி என்று எத்தனையோ பேருக்கு அது தேவைப்படும். பால் கொடுக்கும் தாய்மாருக்குத் தாழ்ப்பாள் போட்ட இன்னோர் அறை தனியாக வேண்டும்.

சாப்பாட்டில் பிரியாணியை எடுத்துவிட்டு சாலட் வைக்காதீர்கள், விழா என்றால் ஜனங்கள் ஆசையாகச் சாப்பிட வேண்டும். காலை இடைவேளையில் பிஸ்கட், பஃப்ஸுக்குப் பதில் சூடாகச் சுண்டல், கூடவே மோர் அல்லது பானகம் வையுங்கள். சர்க்கரை போடாத டீ தனி ஃபிளாஸ்க்கில், பெயர் எழுதி இருக்கட்டும். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். நின்றுகொண்டே தட்டைப் பிடிப்பவர்கள் பக்கத்தில் இருப்பவருடன் நிதானமாகப் பேச முடியாது.

இதெல்லாம் சரியான பிறகுதான் என்ன சேர்க்கலாம் என்ற கேள்வி. யோகா வைப்பதென்றால் காலையில் வையுங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டவர் மூன்று மணி நேரமாவது கழித்துத்தான் ஆசனம் செய்ய வேண்டும். அன்று பலர் பட்டுப்புடவையிலும் வேட்டியிலும் வருவார்கள் என்பதால் தரையில் படுத்துச் செய்வதெல்லாம் வேண்டாம். நாற்காலியிலேயே கழுத்து, தோள், மணிக்கட்டு, கணுக்கால் என்று பதினைந்து நிமிடம் போதும். மூச்சை அடக்கும் பயிற்சியைக் கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும் என்று பயிற்சியாளர் தானாகவே சொல்கிறாரா என்று கவனியுங்கள், சொல்லாதவரை அழைக்காதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பறைப் பயிற்சி. ஒரு கையில் நீளமான மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி, தோளில் தொங்கும் பறையை உடம்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். முதலில் யாருக்கும் குச்சி சரியான இடத்தில் விழாது, ஆளாளுக்கு ஒரு சத்தம் வரும். அடவு, அதாவது அடிக்கும் முறை, எளிதாக இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே கூட்டம் ஒரே தாளத்துக்கு வந்துவிடும், அப்போது டைரக்டர் தப்பாக அடிப்பார், ஹவுஸ்கீப்பிங் அண்ணன் அவருக்குச் சொல்லிக்கொடுப்பார், இரண்டு பேரும் சிரிப்பார்கள். இது நடக்க வேண்டுமென்றால் காவலாளி, டிரைவர், ஹவுஸ்கீப்பிங் ஆட்களின் பெயரும் பங்கேற்பாளர் பட்டியலில் இருக்க வேண்டும். தோலை இறுக்குவதற்குப் பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றுவார்கள், ஹாலுக்குள் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும் என்பதால் புல்வெளியில் இடம் கேட்டு ஹோட்டலிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். கலைஞர்களுக்கு முன்பணமும் போக்குவரத்துச் செலவும் கொடுங்கள். பேசிய மீதித் தொகையை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். எல்லோருடனும் அதே பந்தியில் அவர்களும் சாப்பிடட்டும், மேடையில் அவர்கள் பெயரைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். இதில் குறை வைக்கிற விழாவில் நலம் என்ற வார்த்தையைப் பேனரில் போடுவதே தப்பு.

வெளியூர் போக வசதியில்லாத சென்னைக் கம்பெனிகளுக்கு முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் நல்ல இடம். 1996 இல் திறந்தது, தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள், மண்பாண்டம் போன்ற கைவேலைகளைச் செய்து பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, ஏப்ரலிலிருந்து வெயில், அதனால் ஜனவரி, பிப்ரவரியில் தேதி பாருங்கள்.

எந்த நிகழ்ச்சியானாலும் விருப்பப்பட்டால் மட்டும் என்பது வாயளவில் நிற்கக் கூடாது. அதே நேரத்தில் பக்கத்தில் கேரம் போர்டும் தாயக்கட்டையும் பல்லாங்குழியும் இருக்கட்டும், வராதவரை மைக்கில் கூப்பிடக் கூடாது என்று ஆங்கருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சிரிப்பு யோகா பலருக்குப் பிடிக்கும், மும்பையில் டாக்டர் மதன் கட்டாரியா 1995 இல் ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு தொடங்கியது அது. ஆனால் பூங்காவில் பக்கத்தில் மேனேஜர் இல்லை. அப்ரைசல் சமயத்தில் அவர் எதிரில் கையைத் தட்டி ஹா ஹா என்று சிரிக்கச் சொன்னால் பாதிப் பேருக்கு அது வேதனை. குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் அது ஆகாது.

பிபி, சுகர் பார்க்கும் மேசை வைத்தால் தடுப்புத் திரை அவசியம், ஒருவரின் அளவு வரிசையில் நிற்பவர் காதில் விழக் கூடாது. முடிவு அந்த ஊழியரின் கையில் மட்டும் போக வேண்டும், ஹெச்.ஆருக்குப் பட்டியல் வேண்டாம். அதிகமாக இருந்தால் அடுத்து என்ன செய்வது என்று சொல்ல ஒரு டாக்டர் அங்கேயே இருக்கட்டும். அடையாள அட்டையின் பின்பக்கத்தில் டெலிமானஸ் எண் 14416 ஐ அச்சடியுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

தன்னார்வப் பணிக்கு ரத்ததான முகாம் எளிது, உரிமம் பெற்ற ரத்த மையமே ஆட்களோடும் கருவிகளோடும் வந்துவிடும். வயது 18 முதல் 65, எடை 45 கிலோவாவது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாள் இடைவெளியிலும் பெண்கள் 120 நாள் இடைவெளியிலும்தான் மறுபடி கொடுக்கலாம். வெறும் வயிற்றில் கூடாது என்பதால் டிபனுக்குப் பிறகு வையுங்கள். எந்த டிபார்ட்மெண்ட் அதிக யூனிட் என்று போட்டி மட்டும் வேண்டாம், கொடுக்க முடியாதவர் காரணம் சொல்ல வேண்டிய நிலை வந்துவிடும். பதிவு மேசை, ஜூஸ் கொடுப்பது, கொடுத்தவர் கால் மணி நேரம் உட்காரும்வரை கூட இருப்பது என்று கொடுக்க முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது.

கருத்துக் கேட்கும் படிவத்தை மறுநாள் காலையே அனுப்பாதீர்கள், அப்போது எல்லோரும் சூப்பர் என்றுதான் எழுதுவார்கள். மூன்று வாரம் கழித்து, பெயர் கேட்காமல், இரண்டே கேள்வி அனுப்புங்கள்: அன்று புதிதாகப் பழகிய யாருடனாவது இப்போதும் பேசுகிறீர்களா? அடுத்த முறை எதை எடுத்துவிடலாம்? இரண்டாவதற்கு வரும் பதில்களை அப்படியே அடுத்த வருஷ நிகழ்ச்சி நிரலோடு சேர்த்து மேலிடத்துக்கு அனுப்புங்கள்.